ஒத்தப் பிள்ளை

சன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வெளிய பாக்குறதுக்கு ஒண்ணுமில்லை. வண்டி எப்பப் போய்ச் சேரும்னு தெரிஞ்சாப் போதும். கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன், முறைக்கிறாரு. நீங்க அறந்தாங்கியா? நான் அதுக்கு முன்னாடியே, கொடிவயல் விலக்குல இறங்கணும்.

ஆத்தா செத்துப்போச்சு சார். காலையில ஃபோன் வந்துச்சு. திருப்பூர்ல இருந்து போட்டது போட்டபடி கிளம்பி வர்றேன். பொழுது சாயுறதுக்குள்ள தூக்கிருவாங்க. அதுக்குள்ள நான் போகணும். நான்தான் கொள்ளி வைக்கணும். ஒத்தப் பிள்ளை சார் நான். கூடப் பொறந்தது ஒண்ணும் கிடையாது. எங்கப்பனுக்கும் நான்தான் வச்சேன், மீசை சரியா முளைக்காத வயசுல.

ஆனா வைக்க விடுவாங்களான்னு தெரியலை. அங்க ஏற்கனவே ஒருத்தன் இருக்கான்.

யாருன்னு கேட்டா என்னத்தைச் சொல்றது. அடைக்கலம்னு பேரு. கொடிவயல் அழகியோட மகன். வெல்டர். இடது முழங்கையில தழும்பு இருக்கும், ராடு சுட்டது. இந்தா பாருங்க, எனக்கும் இருக்கு. என் பேரும் அடைக்கலம்தான். நானும் அழகியோட மகன்தான். பயந்துறாதீங்க சார், எனக்குப் புத்தி எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எழுந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிராதீங்க.

கூண்டு கேள்விப்பட்டிருக்கீங்களா? நம்ம பக்கத்து ஆளுங்களை இப்ப சார்ஜாவுக்கு ஃபிளைட்டுல அனுப்புறதில்லை, கூண்டுலதான் அனுப்புறாங்க. திருச்சியில ஆபீஸ் இருக்கு. ஆளு உள்ள போயி நிக்கணும். உடம்பை ஒரு மயிர் விடாம அளந்து அந்தக் கணக்கை அங்க அனுப்புவாங்க. அங்க அதே ஆளு எந்திரிச்சு உக்காருவான். இங்க கண்ணை மூடுறது, அங்க கண்ணைத் தொறக்குறது, அம்புட்டுத்தான். அங்க வந்து சேர்ந்தாச்சுன்னு தகவல் வந்ததும் இங்க நிக்கிற உடம்பைக் கழிச்சிருவாங்க. கழிக்கிறதுன்னா உடம்பை இல்லாம ஆக்கிடுறது, வலி கிலி ஒண்ணும் கிடையாதாம். நான் கேட்டேன் சார், இங்க உள்ள நான் என்னப்பா ஆவேன்னு. ஏஜெண்ட் சிரிக்கிறான். நீங்கதான் அங்க போயிட்டீங்களே அண்ணே, இங்க யாரு இருக்காங்கிறான். சரிதானேன்னு நானும் சிரிச்சேன்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. ராகு காலம் பொறக்குறதுக்குள்ள கூண்டு ஏறிரணும்னு ஆத்தா படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பியிருந்துச்சு. ஆபீஸ்ல லைன் இன்னும் சரியாகலை, கொஞ்சம் பொறுங்கன்னாங்க. நான் விடலை. ராகு காலம் வந்துரும், இப்பவே ஏத்துங்கன்னு சண்டை போட்டேன். ஆபீஸ்ல இருந்த பொண்ணு அரை மனசா பட்டனை அமுக்குச்சு. கண்ணை மூடினேன். தொறந்தா சார்ஜா. வெள்ளை வெளேர்னு ஒரு ரூம், ஒரு மலையாளி கையில தண்ணி பாட்டிலோட நிக்கிறான். நான் நினைச்ச மாதிரியே போய்ச் சேர்ந்துட்டேன். நல்லா கவனிங்க சார், நினைச்சவன் நான். போய்ச் சேர்ந்தவனும் நான். நடுவுல ஒரு நூலிழைகூட அறுபடலை.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு ஃபோன் போட்டேன். எடுத்தது என் குரல்.

"அடைக்கலம் பேசுறேன், நீங்க யாரு?"ங்கிறான்.

"நான்தான் அடைக்கலம்"னேன்.

என்ன நடந்துச்சுன்னா, நான் அங்க இறங்கின தகவல் திருச்சிக்கு வரவே இல்லை. லைன் கோளாறு. அந்தப் பொண்ணு, போகலை போலருக்கு, திங்கக்கிழமை வாங்கன்னு கூண்டைத் தொறந்து விட்டுருச்சு. திருச்சிக் கூண்டுல கழியாம நின்ன அவன் இறங்கி பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயி, மீன்குழம்பு ஊத்தித் தின்னுட்டு உக்காந்திருக்கான்.

அப்புறம் கம்பெனிக்காரன்கிட்ட கேட்டேன், ஏம்ப்பா, அங்க இருக்கிறதைக் கழிக்க வேண்டியதுதானேன்னு. அதெல்லாம் முடியாது, வெளிய நடந்து வந்த ஆளைக் கழிச்சா அது கொலைன்னு சொல்லிட்டாங்க. கூண்டுக்குள்ள நின்னா கழிவு, வாசப்படி தாண்டிட்டா கொலை. இது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்க.

ஏன் வண்டி நிக்குது? கீரனூரா? டீக்கு நிறுத்துறாங்களா? கண்டக்டர், சார், சாவு வீட்டுக்குப் போறேன் சார். பாருங்க, கேக்காத மாதிரிப் போறாரு. நீங்க குடிக்கலையா? எனக்கு வேணாம். பச்சைத் தண்ணிகூட உள்ள இறங்க மாட்டேங்குது.

ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினேன் சார். அக்ரிமெண்ட் அப்படி. வெயில்ல கம்பி பத்தவச்சுக்கிட்டு நிக்கும்போதெல்லாம் ஒரே நினைப்பு, என் வீட்டுல என் பாயில எவனோ படுத்திருக்கான். ரேணுகா, அது என் வீட்டுக்காரி, ஆரம்பத்துல ஃபோன்ல என்கிட்டயும் அழும், அவன்கிட்டயும் அழும் போலருக்கு. வரவரப் பேச்சு கொறைஞ்சு போச்சு. ஆத்தா மட்டும் வெள்ளிக்கிழமை தவறாம பேசும். எண்ணெய் தேச்சுக் குளிச்சியாடான்னு கேக்கும். பின்னால அவன் இருமுற சத்தம் கேக்கும். அவனுக்கும் அதே வறட்டு இருமல்.

அக்ரிமெண்ட் முடிஞ்சதும் கூண்டுலயே திருப்பி அனுப்புறோம், ஃப்ரீன்னாங்க. மாட்டேன்னுட்டேன். கைக்காசு போட்டு ஃபிளைட்டுல வந்தேன். நீங்க ஒரு மாதிரிப் பாக்குறீங்க. ஏன்னு கேக்குறீங்களா? கூண்டுல ஏறினா அங்க நிக்கிற என்னைக் கழிச்சிருவாங்கள்ல சார். இங்க வந்து இறங்குறவன் எவனோ, அவனுக்கு நான் எதுக்குச் சாகணும்? இல்லை, இல்லை, போகும்போது அது வேற. அது எப்படி வேறன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. போனப்ப போனது நான்தான். அதுல சந்தேகமே கிடையாது. நீங்க என்னைக் குழப்பாதீங்க சார்.

வீட்டுக்குப் போனேன். திறந்தது அவன். என் நீலச் சட்டையைப் போட்டிருக்கான். ஊர்ல இருந்து கிளம்பும்போது பீரோவுல மடிச்சு வச்சுட்டுப் போனது. "அது என் சட்டைடா"ன்னேன். "ஆமா, என் சட்டைதான்"ங்கிறான். சண்டைக்குக்கூட வர மாட்டேங்குறான் சார், அதான் எனக்கு ஆத்திரம். லேசா தொப்பை போட்டிருந்தான். ரெண்டு வருசமா வீட்டுச் சோறு. நான் கருவாடா காஞ்சு போய் நிக்கிறேன். கனிஷ்கா, என் மக, நான் போகும்போது நடக்கப் பழகிக்கிட்டிருந்தவ, அவன் காலைக் கட்டிக்கிட்டு என்னைப் பாக்குது. யாரும்மான்னு ரேணுகாகிட்ட கேட்டுச்சு. ரேணுகா கொஞ்சம் யோசிச்சு, சித்தப்பான்னு சொல்லிட்டா.

சித்தப்பாவாம். பிள்ளைக்கு வாங்கிட்டு வந்த சாக்லேட் டப்பாவைத் திறக்காமலே கையில வச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் திருப்பூர் போற பஸ்ல நானே அம்புட்டையும் தின்னேன். தின்னுக்கிட்டே அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா எழுந்திரிச்சுப் போயிருச்சு.

அதுக்கு முன்னாடி பஞ்சாயத்து நடந்துச்சு. வைரவன் மாமா, ஆத்தாவோட கூடப் பொறந்தவரு, அவருதான் பேசினாரு. ரேணுகாவைக் கேட்டாங்க. அவ என்னைப் பார்த்துத்தான் சொன்னா, நேரா கண்ணைப் பார்த்து. "நீங்க அவரு இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா எனக்குக் கர்ப்பப்பையில ஆபரேசன் நடந்தப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக் கிடந்தது இவரு. நான் இவருகூடத்தான் இருக்க முடியும்"னா. நான் இங்க இருந்திருந்தா நானும்தான் படுத்திருப்பேன். படுத்திருப்பேன்ல? அதைத்தான் சொன்னேன். படுத்திருப்பேங்கிறதும் படுத்ததும் ஒண்ணு இல்லையேன்னுட்டா.

சரி, ஆத்தா சொல்லட்டும்னேன். பெத்தவளுக்குத் தெரியாதா? எனக்கு ஏழு வயசுல விசக் காய்ச்சல் வந்து, மழையில பஸ் வராம, ஆத்தா என்னை முதுகுல கட்டிக்கிட்டு அறந்தாங்கி வரைக்கும் நடந்துச்சு சார். நனைஞ்ச சேலைக்குள்ள அந்த முதுகு மட்டும் சுடும். அந்தச் சூடு இன்னும் இந்த நெஞ்சுல இருக்கு. கை வச்சுப் பாத்தா உங்களுக்குக்கூடத் தெரியும். அது அவனுக்கும் இருக்காம். பஞ்சாயத்துல அதையும் சொல்றான், மழை பேஞ்சது, முதுகு சுட்டதுன்னு. ஒரு முதுகுல ஒரு பிள்ளைதானே சார் இருந்துச்சு? ரெண்டு பேருக்கு எப்படி இருக்கும்?

மாமா கேட்டாரு. அழகி, நீ சொல்லு, இதுல எது உன் பிள்ளைன்னு. ஆத்தா ரொம்ப நேரம் எங்க ரெண்டு பேரையும் பாத்துச்சு. அப்புறம், எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியலைன்னு சொல்லிட்டு, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு. கண்ணு தெரியலையாம். அன்னைக்குக் காலையிலதான் முருங்கைக்கீரையில பூச்சி அரிச்ச இலையை ஒண்ணொண்ணாப் பொறுக்கி எறிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பெத்தவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும் சார். சொல்லலை. எனக்கு அது ஆறவே இல்லை. இன்னைக்கும் ஆறலை. செத்துப்போயிட்டா மட்டும் ஆறிருமா?

கடைசியில மாமா தீர்ப்பு சொன்னாரு. ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா இருந்துக்கங்க, இங்க உள்ளவன் பெரியவன், அங்க இருந்து வந்தவன் சின்னவன். கிழக்கால மனையில உனக்கு ஒரு கொட்டகை போட்டுத் தர்றோம்னாரு. எனக்கு வந்துச்சே கோபம். நான் யாருக்கும் சின்னவன் இல்லை, நான்தான் அடைக்கலம், நான் பொறந்தப்ப இவன் எங்க இருந்தான்னு கத்தினேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே, உன்கூடத்தான் இருந்தேன்னான். எழுந்து வந்துட்டேன். அப்புறம் அந்த ஊர்ப்பக்கம் போகலை. வெள்ளிக்கிழமை ஆத்தா கூப்பிடும், எடுக்க மாட்டேன். முதல்ல ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் எடுக்கிறேன்னு இருந்தேன்.

புதுக்கோட்டை வந்திருச்சா? கூட்டம் ஏறுது பாருங்க. மூட்டை வேற ஏத்துறாங்க. ஏம்மா, அதைச் சீக்கிரம் உள்ள தள்ளும்மா, புண்ணியமாப் போகும்.

காலையில அவன்தான் ஃபோன் பண்ணினான். அழுறான். நான் அழுதா எப்படி மூக்கை உறிஞ்சுவேனோ அதே மாதிரி உறிஞ்சுறான், கேக்கவே கூசுது. ஆத்தா போயிருச்சுடா, தூக்கத்துலயே போயிருச்சுன்னான். அப்புறம் சொல்றான், "நீ வா. நீதான் கொள்ளி வைக்கணும்"னு.

எனக்கு நம்பவே முடியலை சார். ஏன்டா, நீ வைக்கலையான்னேன். அதுக்கு அவன் சொல்றான், எங்க வழக்கத்துல தகப்பனுக்குத் தலைமகன் வைக்கணும், தாய்க்குக் கடைசி மகன் வைக்கணும், மாமாவும் அதைத்தான் சொல்றாரு, நீ வந்து வைங்கிறான். உங்க பக்கமும் அப்படித்தானே? எங்க ஊர்ல அதுல மாத்தமே கிடையாது. பம்பாயில இருந்து கடைசிப் பையன் வர்றதுக்காக ரெண்டு நாள் ஐஸ் பொட்டியில வச்சிருந்த வீடெல்லாம் உண்டு.

புரியுதா சார்? ஆத்தாவுக்கு நான் நெருப்பு வைக்கலாம். யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா சின்னவனா வைக்கணும். ஊர் பார்க்க, பங்காளிங்க பார்க்க, மொட்டை அடிச்சுக்கிட்டு, குடத்தைத் தோள்ல வச்சுக்கிட்டு, நான் சின்னவன்னு நானே ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு. எங்கப்பனுக்கு வச்சது பெரியவன், அதாவது அவன். ரேணுகா கழுத்துல தாலி கட்டினது அவன். மழையில முதுகுல போனது அவன். நான் சார்ஜாவுல ஒரு வெள்ளை ரூம்புல தண்ணி பாட்டிலைப் பாத்துக்கிட்டே பொறந்தவன். எனக்கு மூணு வயசுகூட ஆகலை.

ரெண்டு பேரும் சேர்ந்து வைப்போம்னு கேட்டுப் பாத்தேன் சார். ஒரு உடம்புக்கு ஒரு கொள்ளிதான்னு மாமா பின்னால இருந்து சத்தம் போடுறாரு. என் உடம்பு மட்டும் ரெண்டாகலாம், கொள்ளி ஆகக்கூடாது.

அவன் திட்டம் போட்டுத்தான் கூப்பிடுறான். எனக்குத் தெரியாதா அவனை? அவன் மண்டைக்குள்ள ஓடுறது பூரா எனக்குத் தெரியும், என் மண்டைதானே அது. நெருப்பைக் குடுத்துட்டு வீட்டையும் பொண்டாட்டியையும் பிள்ளையையும் ஒரேயடியா எழுதி வாங்கிக்கிறான். நீங்க என்ன சொல்றீங்க? அவனும் பெத்த தாய்க்குத்தானே விட்டுக் குடுக்குறான்னா? அவனுக்கும் வைக்கணும்னு ஆசை இருக்காதான்னா? இருக்கும். நிச்சயமா இருக்கும். அதான் எனக்கு விளங்கலை. நான் ஊர்ல ஆத்தாகிட்ட இருந்து, அவன் திருப்பூர்ல இருந்திருந்தா, நான் அவனுக்கு ஃபோனே பண்ணியிருக்க மாட்டேன். எரிச்சு முடிச்சுட்டு, சாம்பல் ஆறினப்புறம் சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்றேன்.

அப்ப அவன் எப்படிக் கூப்பிட்டான்?

தெரியலை சார். அவன் வேற மாதிரி ஆயிட்டான். ஆத்தா பக்கத்துலயே இருந்ததுனால இருக்கும்.

கொஞ்சம் தண்ணி குடுங்க. போதும், போதும். போகாம இருந்துறலாமான்னுகூட நினைச்சேன். திருச்சியில இறங்கி ஒரு மணிநேரம் பெஞ்சுல உக்காந்திருந்தேன். போகலைன்னா நான் நானாவே இருக்கலாம். அடைக்கலமாவே, எவன்கிட்டயும் தலை குனியாம, திருப்பூர்ல தனியா, சாகுற வரைக்கும். ஆனா ஆத்தாவுக்குக் கொள்ளியை அவன் வைப்பான். அதுக்கு ஒரு பிள்ளை இருந்தும் வரலைன்னு ஆகிரும். போனா ஆத்தா எனக்கு, நான் எனக்கு இல்லை. இதுக்கு நடுவுல ஒரு வழி இருந்தாச் சொல்லுங்க சார், நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. யாராலயும் சொல்ல முடியாது.

ஒரு நிமிசம், ஃபோன் அடிக்குது. மாமா நம்பர்.

மாமா. ஆமா மாமா, வந்துக்கிட்டே இருக்கேன். புதுக்கோட்டை... இல்லை, அதெல்லாம் தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச தூரந்தான். தூக்கியாச்சா? சுடுகாட்டுல இறக்கியாச்சா? அய்யோ மாமா, கொஞ்சம் பொறுங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா, எதுக்கு? ஊரே கேக்கணுமா. அவன் எங்க? பக்கத்துல நிக்கிறானா? மொட்டை அடிச்சிருக்கானா? இல்லையா. எனக்காகத்தான் நிக்கிறானா.

என்ன சொல்லணும்னு சொல்றீங்க மாமா? பொழுது இறங்குதுன்னு எனக்கும் தெரியுது. யாருக்காகக் காத்திருக்கோம்னு நாவிதர் கேக்குறாரு, அதுக்கு நான் என் வாயால சொல்லணும், அம்புட்டுத்தானே. அந்தச் சத்தம் என்ன? அவன் அழுறானா? அழ வேணாம்னு சொல்லுங்க மாமா. அவனை உக்கார வைங்க, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான்.

மாமா, எல்லாரும் கேக்குறாங்கள்ல? ஆத்தாவோட கடைசி மகன் வர்றேன். விறகை அடுக்கி வைங்க. யாரும் நெருப்பைத் தொட்டுறாதீங்க.

வச்சுட்டேன் சார். சொல்லிட்டேன். நீங்க கேட்டீங்கள்ல, தெளிவாத்தானே சொன்னேன்? வண்டிச் சத்தத்துல அவங்களுக்குக் கேட்டுச்சோ என்னவோ.

கண்டக்டர், விலக்குல நிறுத்துங்க. ஆமா, இங்கதான். வர்றேன் சார். பையை எடுத்துக்கிறேன், காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க. அந்தா, ரோட்டோரத்துல வண்டியோட நிக்கிறது எங்க பங்காளி ஒருத்தரு, வீரையான்னு. என்னைக் கூட்டிப் போக வந்திருக்காரு. கையைத் தூக்கிக் கூப்பிடுறாரு பாருங்க, அடைக்கலம், அடைக்கலம்னு. வர்றேன், வர்றேன்.

இல்லை வீரையா. அடைக்கலம் எங்க அண்ணன். நான் சின்னவன். வண்டியை எடு.